40,000 ரூபாய் மிச்சம், ஆனால் கடை திருச்சியில்

கேள்வி: மன்னார்குடி பக்கம் சொந்த நிலம் ஆறு ஏக்கர், குத்தகை எட்டு ஏக்கர். 45 ஹெச்.பி. டிராக்டர் வாங்கி, எங்கள் வேலை போக வாடகைக்கும் ஓட்டலாம் என்றிருக்கிறேன். எனக்குப் பிடித்த கம்பெனி வண்டியைத் திருச்சி டீலர் 40,000 ரூபாய் குறைவாகத் தருகிறார். உள்ளூரில் கிடைப்பது வேறு கம்பெனி வண்டி. அப்பா உள்ளூரிலேயே வாங்கு என்கிறார். எதை எடுப்பது?

பதில்: நான் உங்கள் அப்பா பக்கம். ஆனால் அந்த உள்ளூர் டீலர் விற்றபிறகும் வேலை செய்கிறவரா என்று நீங்கள் நேரில் பார்த்துவிட வேண்டும்.

மேட்டூர் தண்ணீர் வந்ததும் ஊரே ஒரே சமயத்தில் சேறடிக்கும். வாடகை வண்டிக்கு வருமானமே அந்தச் சில வாரங்கள்தான். மணிக்கு 1,000 ரூபாய், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வையுங்கள். வண்டி ஐந்து நாள் நின்றால் 40,000 ரூபாய் வரவு போச்சு. டீசல், டிரைவர் கூலி கழித்துப் பார்த்தாலும் பத்துப் பன்னிரண்டு நாளில் உங்கள் மிச்சம் கரைந்துவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம், உங்களுக்காகக் காத்திருந்தவர்கள் வேறு வண்டியைக் கூப்பிடுவார்கள். சம்பாவுக்கும் அந்த வண்டிக்காரரையே கூப்பிடுவார்கள்.

சேற்றில் ஓடுகிற வண்டிக்கு முன் அச்சு ஆயில் சீல் போவதும், உள்ளே தண்ணீர் இறங்கி பேரிங் கெடுவதும் எந்தக் கம்பெனியானாலும் வருகிற பழுதுதான். அந்த சீல் பக்கத்தில் கிடைக்கிறதா, மாட்டுகிற ஆள் அன்றைக்கே வயலுக்கு வருவாரா என்பதுதான் பேச்சு. வாரண்டியைக் கொடுப்பது கம்பெனி என்றாலும் ஸ்பேனரோடு வருவது டீலரின் ஆள்.

ஷோரூமில் உட்கார்ந்து பேசினால் இது தெரியாது. பின்பக்கம் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். மெக்கானிக் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு ஆள் மாறுகிற இடம் வேண்டாம். நீங்கள் வாங்கப்போகிற மாடலுக்கு கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் ஃபில்டர், அந்த ஆயில் சீல் மூன்றும் அலமாரியில் இருக்கிறதா பாருங்கள். “நாளைக்கு வந்துடும் சார்” என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அவரிடம் இரண்டு மூன்று வருடம் முன்னால் வாங்கினவர்களைத் தேடிப் பிடித்து, போன குறுவையில் வண்டி நின்றபோது என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்.

கம்பெனிப் பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். திரும்ப விற்கும்போது விலை அதைப் பொறுத்தது. வெளி மெக்கானிக்குகளுக்குக் கை பழகின வண்டியா என்பதும் முக்கியம். ஆனால் இந்தக் கம்பெனியா அந்தக் கம்பெனியா என்று கட்சி கட்ட வேண்டாம். மஹிந்திராவும் ஸ்வராஜும் ஒரே குழுமம், மாஸி ஃபெர்குசனும் ஐஷரும் சென்னை டாஃபேயிடம் இருப்பவை. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள அரசு பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. இரண்டு மாடலுக்கும் அதைக் கேட்டு வாங்கி, பி.டி.ஓ. ஹெச்.பி.யையும் (பின்னால் மாட்டுகிற கருவியை ஓட்டும் தண்டில் கிடைக்கிற சக்தி) எடையையும் ஒப்பிடுங்கள். மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரைச் சுழற்றுவது பி.டி.ஓ.வில் வருகிற சக்திதான். வண்டி கனமாக இருந்தால் உங்கள் வயலில் புதையும். உள்ளூர் வண்டி இதில் தேறவில்லை என்றால் டீலர் எவ்வளவு நல்லவராக இருந்தும் பயனில்லை.

அந்த 40,000 நிஜமான வித்தியாசம்தானா என்றும் பாருங்கள். இன்சூரன்ஸ், பதிவுச் செலவு, கருவிகளை மாட்டுகிற ஹிட்ச், டாப் லிங்க், அப்புறம் பம்பர் எல்லாம் சேர்த்து இருவரிடமும் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பழைய கணக்கில் யாரும் விலை சொல்லக்கூடாது.

திருச்சி கொட்டேஷனை உள்ளூர்க்காரரிடம் காட்டிப் பேசுங்கள். முழுதும் இறங்கமாட்டார். பாதி குறைத்து, மீதிக்கு ஒரு செட் சீல், ஃபில்டர் கொடுத்தாலே சரி. அவர் ஒர்க்‌ஷாப் தேறவில்லை என்றால், உங்களுக்குப் பிடித்த கம்பெனிக்கு தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ டீலர் உண்டா என்று விசாரித்துவிட்டு அப்புறம் திருச்சியை யோசியுங்கள்.

எங்கே வாங்கினாலும் சித்திரைக்குள் வாங்கிவிடுங்கள். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணி நேரத்தில் வரும். அது கோடை உழவிலேயே முடிந்துவிட்டால், குறுவைக்குச் சேற்றில் இறக்கும் முன்பே டீலருடைய ஆட்கள் எப்படி என்றும் தெரிந்துவிடும்.