கேத்தி ஸ்டேஷனில் நின்ற கேமரா

அன்புள்ள ஐயா,

நான் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்திக்காரி. கோவையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறேன். தமிழ்ப் படத்தில் கதை ஹாலிவுட், மெட்டு மேற்கத்தியம், உடை லண்டன் என்றால் நம்முடையது என்று என்னதான் மிச்சம் என்று வகுப்பில் ஒரு விவாதம். சுட்ட படங்களின் பட்டியல் ஒன்றை இணைத்திருக்கிறேன். இந்தக் கலப்பில் நம் பண்பாடு காணாமல் போய்விட்டதா? என் பாட்டி டிவியில் பழைய படம் பார்க்கும்போதெல்லாம், "எல்லாம் நம்ம ஊர்ல எடுத்ததுதான், ஆனா நம்ம ஊரு மாதிரியே இல்ல" என்பார்.

ம., கேத்தி

அன்புள்ள ம.,

பட்டியலைப் பாதியில் மூடிவிட்டேன். எந்தப் படம் எதிலிருந்து வந்தது என்று தேடி எடுப்பது இன்று அரை மணி நேர வேலை. அதைச் செய்துவிட்டு, சினிமாவைப் பற்றி யோசித்தாயிற்று என்று நினைப்பது சோம்பேறித்தனம். படிக்கிற பிள்ளை, உங்களுக்கு இது வேண்டாம். மெட்டு விஷயத்துக்கும் நான் வரவில்லை. பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்துவிட்டு என்ன செய்தார் என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். உடையையும் விடுங்கள்.

பாட்டி சொன்னதுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் உருப்படியான வரி அதுதான். அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் பட்டியலில் முதலில் இருப்பது 1966-இல் வந்த 'அன்பே வா'. சரி, 'கம் செப்டம்பர்' கதைதான். இத்தாலியில் இருந்த பணக்காரரின் மாளிகை இங்கே சிம்லா பங்களா ஆயிற்று. கதையை எடுத்தது பெரிய குற்றமில்லை. மலை என்றால் பங்களா, பங்களா என்றால் கணப்பு, ஸ்வெட்டர், பூந்தோட்டம் என்று ஒரு பழக்கம் நம் படங்களில் ஊறிப்போனதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கோடைக்கு வந்த துரை வராந்தாவில் உட்கார்ந்து பார்த்த மலையையே நம் கேமராவும் பார்த்தது. அந்த வராந்தாவிலிருந்து நீலகிரிப் படுகர்களின் ஊரான ஹட்டி தெரியாது. தோடர்களின் குடியிருப்பான மந்து தெரியாது. தேயிலை பறிக்கிறவர்கள் பச்சைக்கு நடுவே புள்ளிகளாகத் தெரிவார்கள், அவ்வளவுதான்.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் இன்று ஷூட்டிங் மட்டம் என்கிறோமே, அந்தப் புல்வெளியில் சின்ன வயதில் ஒரு பாட்டு எடுப்பதைப் பார்த்தேன். கதாநாயகி மெல்லிய சேலையில் நடுங்கிக்கொண்டிருந்தார். ஷாட் முடிந்ததும் கம்பளியைப் போர்த்த ஒரு அம்மா ஓடுவார். சரிவில் ஒரு தோடர் பெரியவர் எருமைகளை ஓட்டி வந்தார். யூனிட் ஆள் ஒருவர் கையை வீசிக்கொண்டு ஓடினார்: "பெரியவரே, ஓட்டுங்க, ஓட்டுங்க, ஃபிரேம்ல வருது!" பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. எருமைகளைத் திருப்பிக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அவர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த புல் அது. படத்தில் அது சுவிட்சர்லாந்து மாதிரி இருந்தது என்று ஊரே மெச்சியது. பக்கத்தில் வரிசையாக நட்ட பைன் மரங்களை மட்டும் 'இயற்கைக் காட்சி' என்று ஆசை ஆசையாக எடுத்தார்கள். இந்த மலைக்கே உரிய புல் வெளிநாடாகிவிட்டது, வெளியிலிருந்து வந்த மரம் இயற்கையாகிவிட்டது. உங்கள் பாட்டிக்கு இது அன்றே தெரிந்திருக்கிறது.

மேற்கிலிருந்து ஒன்றும் வரக்கூடாது என்கிறீர்களா? பாலு மகேந்திராவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சிறுவனாக இலங்கையில் ஆங்கில இயக்குநர் டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படப்பிடிப்பைப் பார்த்ததுதான் தனக்கு விதை என்று சொன்னவர் அவர். அதைவிட நேரடியான மேற்கத்தியப் பாதிப்பு உண்டா? அவர் 1982-இல் 'மூன்றாம் பிறை'க்காக எங்கே வந்து நின்றார்? உங்கள் கேத்தியில். கதாநாயகன் பள்ளிக்கூட வாத்தியார். கடைசிக் காட்சியில் ஸ்டேஷன் வெறும் ஸ்டேஷனாகவே இருக்கிறது. மழை, சேறு, கிளம்பப்போகும் ரயில். தன்னை மறந்துவிட்ட ஸ்ரீதேவிக்கு நினைவு வந்துவிடாதா என்று கமல் தலையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு குரங்கு வித்தை காட்டுகிறார், கம்பத்தில் மோதிக்கொள்கிறார், நொண்டிக்கொண்டே ரயிலோடு ஓடுகிறார். எந்த வராந்தாவிலிருந்தும் இதை எடுக்க முடியாது. நனைந்துகொண்டு பிளாட்பாரத்தில் நின்றால்தான் முடியும்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த லீனே பிறகு நம் மலை ரயிலைப் படம் பிடித்தார். 1984-இல் வந்த 'எ பாஸேஜ் டு இந்தியா'வில் மராபார் குகைக்குப் போகிற வண்டி அதுதான். கதைப்படி அந்தக் குகைகள் கங்கைச் சமவெளிப் பக்கம். குருவுக்கு நம் ரயில் வேறு ஏதோ ஊர் ரயில், சீடருக்குக் கேத்தி கேத்தியேதான்.

'மூன்றாம் பிறை'யைப் பற்றிக் கேத்திக்காரி எழுதிய கடிதத்தில் ஒரு சொல் இல்லை! ஹாலிவுட் படப் பெயர்களைத் தேடத் தெரிந்த உங்களுக்கு, வீட்டில் இருக்கும் பாட்டியிடம் "அப்போ ஷூட்டிங் பார்த்தீங்களா?" என்று கேட்கத் தோன்றவில்லையா? லீவுக்கு ஊருக்கு வரும்போது அவரை உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தப் படம், எந்த இடம், யாரை எங்கே ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள் என்று அவர் சொல்வதை அவர் சொல்கிறபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள். நீங்கள் பேசுகிற படுகு மொழியிலேயே எழுதினாலும் சரி, படித்துச் சொல்ல இங்கே ஆள் இருக்கிறார்கள்.