டெக்சாஸில் உள்ளூர் பறக்கும் தட்டு ஆய்வுக் குழுவில் சேரலாமா என்று யோசிக்கிறேன். உண்மையில் அங்கே என்ன செய்வார்கள்? நேர விரயமா?

ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதி, "வேலைவெட்டி இல்லாதவர்கள் கூடிப் பேசும் இடம்" என்று முடித்துவிட்டன. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. டாலஸ் பக்கம் இப்படி ஒரு குழுவில் சில வருஷங்களாகக் கள ஆய்வாளராக இருக்கிறேன். மஃபான் (MUFON, மியூச்சுவல் யுஎஃப்ஓ நெட்வொர்க்) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமைப்பின் கீழ் வரும் குழு. 1969-இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கி இன்று நாடு முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் தன்னார்வ அமைப்பு அது.

கேட்டவர் வேலைக்காகப் புதிதாக இங்கே வந்தவர் என்று நினைக்கிறேன். சனி ஞாயிறில் நேரம் கிடைக்கிறது, சின்ன வயசிலிருந்தே வானத்தின் மேல் ஒரு ஆசை, வெளியில் சொன்னால் சிரிப்பார்களோ என்று தயக்கம். அப்படித்தானே? சிரிக்கத்தான் செய்வார்கள். அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

வேலை என்னவென்று கேட்டீர்கள். கையேட்டைப் படித்துத் தேர்வு எழுத வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. அதன் பிறகு உங்கள் பகுதியில் யாராவது "இப்படி ஒன்றைப் பார்த்தேன்" என்று பதிவு செய்தால் அந்த வழக்கு உங்களிடம் வரும். முதலில் பார்த்தவரிடம் பேச வேண்டும். நாலு பேர் பார்த்திருந்தால் நாலு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து, ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழும் முன் ஆளுக்கு ஒரு படம் வரையச் சொல்வோம். "எவ்வளவு பெரிசு" என்று கேட்டால் கார் அளவு, வீடு அளவு என்றுதான் சொல்வார்கள். தூரம் தெரியாதபோது அந்தப் பேச்சுக்குப் பொருளே இல்லை. அதனால் கையை நேராக நீட்டச் சொல்வோம். நீட்டிய கையில் சுண்டுவிரல் அகலம் ஒரு பாகை, மூடிய முஷ்டி பத்துப் பாகை. முழு நிலா அரைப் பாகைதான், சுண்டுவிரலுக்குப் பின்னால் மறைந்துவிடும். பிறகு கழித்தல் வேலை. விமானப் பதிவுகள், அன்றைய காற்றின் திசை, கிரகங்கள் இருந்த இடம், செயற்கைக்கோள்களின் பாதை, ராணுவப் பயிற்சி அறிவிப்புகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்துக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலான வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம்.

செப்டம்பர் மாதம். டாலஸுக்கு வடக்கே செலினா என்ற ஊரில் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர், கோவில்பட்டிப் பக்கம். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். விமானக் களைப்பில் தூக்கம் பிடிக்காமல், வீட்டில் யாரையும் எழுப்ப வேண்டாம் என்று பின்கட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். விடியற்காலை நாலு மணி. வானத்தில் ஒரு வெளிச்சம் சட்டென்று கூடி, சில நொடியில் அணைந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கிட்டத்தட்ட அதே இடத்தில் இன்னொன்று. அடுத்தடுத்த நாட்களிலும் அதே நேரம், அதே இடம். மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் சிரித்ததோடு விடவில்லை, "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, டாக்டர்கிட்ட காட்டணும்" என்று மனைவியிடம் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்கிறது. அதோடு அவர் வாயைத் திறக்கவில்லை. மருமகள்தான் எங்களிடம் பதிவு செய்தார். தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருவன் என்பதால் வழக்கு என்னிடம் வந்தது.

நான் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, நீங்களும் சிரிக்கத்தான் வந்திருக்கீகளா?"

"இல்லய்யா, எழுதிக்க வந்திருக்கேன். நீங்க பாத்ததச் சொல்லுங்க" என்றேன்.

உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தார். பேத்தியின் நோட்டிலிருந்து கிழித்தது. பின்பக்க வேலி, பக்கத்து வீட்டுப் புகைபோக்கி, வேலியின் எந்தக் கம்பத்துக்கு நேர் மேலே என்று ஒரு கோடு, அதன் மேல் வரிசையாகப் பெருக்கல் குறிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மணி. "ஈசானி மூல. வேலிக்கு மேல ஒரு முஷ்டி, ஒன்றர முஷ்டி இருக்கும். மொதல்ல எங்கயோ கரண்டு கம்பத்துப் பீங்கான்ல பொறி அடிக்குதுன்னுதான் நெனச்சேன். பகல்ல போய்ப் பாத்தேன், அந்தப் பக்கம் லைனே போகல. சத்தமும் இல்ல." நான் கேட்கவிருந்த எல்லாவற்றையும் அவரே செய்து வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சாட்சியை நான் பார்த்ததில்லை.

எங்கள் குழுவில் விமானக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு அந்த வாரமே விடியுமுன் போய், பெரியவர் உட்காரும் அதே நாற்காலிக்குப் பக்கத்தில் கேமராவை நிறுத்தினோம். வந்தது. ஒன்று மங்கும் முன்பே அடுத்தது பளிச்சென்று எரிந்தது. பதிவான நேரங்களைச் செயற்கைக்கோள் பாதைகளோடு ஒப்பிட்டபோது அத்தனையும் ஸ்டார்லிங்க், அதாவது இணையச் சேவைக்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏவிய செயற்கைக்கோள்கள். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் போகும் அவற்றின் தட்டையான அடிப்பாகத்தில் சூரிய ஒளி பட்டுத் தெறிக்கிறது. 2022-க்குப் பிறகு விமானிகளே இதைப் பார்த்துக் குழம்பிப் புகார் செய்திருக்கிறார்கள்.

சொன்னதும் பெரியவர் முகத்தில் ஏமாற்றமே இல்லை. "அப்போ நடுச்சாமத்துல ஏன் தெரியல? நாலு மணிக்குத்தான் தெரியுது" என்று கேட்டார். சரியான கேள்வி. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 பாகையில் இருக்கும்போதுதான், சூரியன் இருக்கும் அதே திசையில், தாழ்வாக இது தெரியும். செப்டம்பரில் டாலஸில் அந்தக் கணக்கு விடிகாலை நாலு மணிக்கும் வடகிழக்குக்கும் பொருந்துகிறது. விளக்கியதும், "கண்ணாடில டார்ச் அடிக்கிற மாரி. கோணம் சேந்தாத்தான் நம்ம கண்ணுல அடிக்கும்" என்றார். வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவரும் நாலு மணிக்கு எழுந்து அப்பாவோடு உட்கார்ந்ததாக மருமகள் பிறகு சொன்னார்.

"பார்த்தீர்களா, கடைசியில் செயற்கைக்கோள்தானே, இதற்கு ஒரு குழுவா" என்று யாராவது கமெண்டில் கேட்பீர்கள், தெரியும். அது செயற்கைக்கோள் என்று கண்டுபிடித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. லடாக்கில் 2012 ஆகஸ்டிலிருந்து ஆறேழு மாதத்தில் நம் ராணுவத்தினர் ஏரிக்கு மேலே வெளிச்சங்களை 329 முறை பார்த்துப் பதிவு செய்தார்கள். சீனாவின் ஆளில்லா உளவு விமானமாக இருக்குமோ என்ற சந்தேகம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் போய்ப் பார்த்து, வெள்ளியும் வியாழனும் என்று சொன்னார்கள். அந்த வீரர்கள் முட்டாள்களா? பொய் சொன்னார்களா? கண்ணில் பட்டதை ஒழுங்காக எழுதி வைத்தார்கள், அதனால்தான் விடை கிடைத்தது.

எல்லாம் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பறக்கும் தட்டுப் பதிவுகளை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் ப்ளூ புக் திட்டம் 1969-இல் மூடப்பட்டபோது, 12,618 பதிவுகளில் 701-க்கு விளக்கம் கிடைத்திருக்கவில்லை. இங்கே டெக்சாஸிலேயே ஸ்டீபன்வில் என்ற ஊர் இருக்கிறது. 2008 ஜனவரி 8 அன்று அங்கே வானத்தில் புரியாத வெளிச்சங்களைப் பலர் பார்த்தார்கள். விமானப்படை முதலில் "எங்கள் விமானம் எதுவும் அங்கே இல்லை" என்றது, இரண்டு வாரம் கழித்து பத்து எஃப்-16 விமானங்கள் பயிற்சியில் இருந்ததாக மாற்றிச் சொன்னது. மஃபான் தன்னார்வலர்கள் பக்கத்து ஊரான டப்ளினில் உட்கார்ந்து சாட்சிகளிடம் எழுதி வாங்கினார்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் ரேடார் பதிவுகளைக் கேட்டுப் பெற்றார்கள். அவர்களுடைய முடிவை ஏற்காதவர்கள் உண்டு, நானே சில இடங்களில் ஏற்கவில்லை. ஆனால் அந்த ரேடார் பதிவுகளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அவர்களுக்குத்தானே தோன்றியது! இதையெல்லாம் வைத்து வேற்றுக்கிரகவாசி வந்தார் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, சொன்னதாகத் திரிக்கவும் வேண்டாம்.

எங்கள் குழுவிலும் விளக்கம் கிடைத்தால் முகம் சுருங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாக்குவாதம் நடக்கும். அது எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. நம் ஆட்கள்தான் கஷ்டம். நான் சந்தா கட்டும் ஒரு தமிழ் அமைப்பில், பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கு வானம் பார்க்கச் சொல்லித் தர அரை மணி நேரம் கேட்டேன். தொலைநோக்கி என்னுடையது, செலவும் என்னுடையது. வருஷா வருஷம் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்கிறார்கள். அதே மேடையில் ராசிபலன் சொல்ல ஒருவருக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். சனி எந்த வீட்டில் என்று கேட்க அவ்வளவு கூட்டம், வெளியே வாகன நிறுத்தத்தில் நின்று அண்ணாந்தால் சனியையே பார்க்கலாம், அதற்கு ஆள் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் எங்கேயாவது சொல்லியாக வேண்டும்.

சேர நினைத்தால் உடனே பணம் கட்டாதீர்கள். மாதக் கூட்டம் ஏதாவது நடந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். அதற்குள் இரவு வானத்தைக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். வெள்ளி எவ்வளவு பிரகாசமாக இருக்கும், விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை, இந்த அளவு தெரிந்தாலே நிறைய வழக்குகள் தீரும். குளிர்காலம் முடிந்ததும் ஊரிலிருந்து அப்பா அம்மாக்கள் வர ஆரம்பிப்பார்கள், விடிகாலையில் தூங்காமல் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் அவர்கள் பேச்சிலேயே கேட்டு எழுத எங்களுக்கு இன்னொரு ஆள் வேண்டும். டாலஸ் பக்கம் இருந்தால் உட்பெட்டியில் செய்தி அனுப்புங்கள்.