எபிபென் உறை: புத்தகப்பையிலா, இடுப்பிலா?

கேள்வி: கச்சான் ஒவ்வாமை உள்ள எங்கள் மகளுக்கு ஆறு வயது, நிறை 21 கிலோ. செப்டெம்பரில் கனடாவின் ஸ்காபரோவில் முதலாம் வகுப்புக்குப் போகிறாள். கடும் ஒவ்வாமைத் தாக்கத்தின்போது தொடையில் போடும் பேனா வடிவ அட்ரினலின் ஊசியான எபிபென் ஜூனியர் இரண்டை வைத்தியர் எழுதித் தந்திருக்கிறார். அவற்றை எந்த வகை உறையில் கொடுத்தனுப்புவது? பனிக்காலத்துக்குக் குளிர் தாங்கும் உறை தேவையா?

பதில்: இரண்டு பேனாக்களையும் அவற்றின் பிளாஸ்டிக் குழாய்களோடு அருகருகே கொள்ளக்கூடிய, ஒரேயொரு ஸிப் மட்டும் உள்ள இடுப்புப் பட்டியையே உங்கள் மகளுக்கு நான் பரிந்துரைப்பேன். புத்தகப்பைக்குள் வைக்கும் பெட்டிகள் பார்க்க அழகாக இருந்தாலும், பை வகுப்பறைக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிள்ளை விளையாட்டுத் திடலில் நிற்பாள். ஆறு, ஏழு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பட்டியைக் கழற்றாமல் அணிந்திருக்கப் பழகிவிடுவார்கள். ஊசியைத் தானே போட்டுக்கொள்ளும் பொறுப்பை மட்டும் இந்த வயதில் அவளிடம் விட வேண்டாம்.

பேனாக்களை ஒன்று வீட்டில், ஒன்று பாடசாலையில் என்று பிரித்துவிடாதீர்கள். முதல் ஊசிக்குப் பின் 5 முதல் 15 நிமிடங்களில் நிலைமை தேறாவிட்டால் இரண்டாவது தேவைப்படும். 0.15 மில்லிகிராம் அளவுள்ள ஜூனியர் பேனா 15 முதல் 30 கிலோ வரையான பிள்ளைகளுக்கானது. 25 கிலோவைத் தாண்டியதுமே பெரிய பேனாவுக்கு மாற்றும் வைத்தியர்களும் உண்டு என்பதால், ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் மகளின் நிறையைச் சொல்லுங்கள்.

உறையைத் திறக்கப்போவது பெரும்பாலும் நீங்களாக இருக்கமாட்டீர்கள் என்பதை மனதில் வைத்துத்தான் அதைத் தெரிவுசெய்ய வேண்டும். 2003இல் பாடசாலையில் ஏற்பட்ட ஒவ்வாமைத் தாக்கத்தால் 13 வயதில் உயிரிழந்த சப்ரினா ஷனனின் பெயரால், 2006 ஜனவரி முதல் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, மாணவி ஒருவருக்கு இத்தகைய தாக்கம் ஏற்பட்டிருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், முன் அனுமதி இல்லாவிட்டாலும் பாடசாலை ஊழியர் ஊசி போடலாம். ஆகவே அனுமதி ஒரு தடையே அல்ல, தடையாகக்கூடியது உறைதான். எங்கள் மருந்தகத்துக்கு வரும் குடும்பங்களில், மூடிய உறையை அம்மம்மாவின் கையில் கொடுத்து, பேனாவை எடுத்துத் தரச் சொல்லிப் பார்ப்பேன். ஒருமுறை இரண்டு ஸிப், அதற்குள் ஒரு வெல்க்ரோ மடிப்பு, அதன் மேல் ஈரத்துடைப்பான் பொதி என்று ஓர் அம்மம்மா தேடித் தேடிக் கைநடுங்கியதைப் பார்த்த பிறகு, அறைகள் நிறைந்த உறைகளை நான் எவருக்கும் சொல்வதில்லை. வாங்கும் முன் நீங்களும் இதே சோதனையைச் செய்து பாருங்கள். குழாயிலிருந்து பேனா வழுக்கிக்கொண்டு வருகிறதா என்பதையும் பாருங்கள். சில பேனாக்கள் குழாயிலிருந்து எளிதில் வெளிவராமல் போகலாம் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருந்தது. பேனாவின் பாதுகாப்புப் பூட்டான நீல மூடியை மட்டும் சோதனைக்காகத் தொடவே கூடாது.

குளிரைப் பொறுத்தவரை, இந்த மருந்தை 20 முதல் 25 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். இடையில் 15 வரை இறங்கினாலோ 30 வரை ஏறினாலோ பாதகமில்லை. குளிர் தாங்கும் உறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துவது மட்டுமே அதன் வேலை. ஆதலால் ஜனவரி இரவில் காருக்குள் விட்டால் எந்த உறையும் மருந்தைக் காக்காது. பட்டியை உள்ளாடைக்கு மேலே, ஜாக்கெட்டுக்கு உள்ளே அணிவித்தால் உடற்சூடே போதுமானது. கோடையில் நீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்விக்கும் உறைகள் உதவும், ஆனால் ஐஸ் பொதி பேனாவைத் தொடக்கூடாது. உறைந்துபோன பேனாவையும், கண்ணாடிச் சாளரத்தில் மருந்து பழுப்பேறியோ கலங்கியோ தெரியும் பேனாவையும் உடனே மாற்றுங்கள்.

உறைக்குள் மகளின் படம், ஒவ்வாமைப் பொருள், அவசர அழைப்பு எண்ணான 911, உங்கள் தொலைபேசி எண் ஆகியவை கொண்ட ஆங்கில அட்டை ஒன்று இருக்கட்டும். ஊசி இல்லாத பயிற்சிப் பேனாவை ஒருபோதும் அதில் வைக்காதீர்கள். பதற்றத்தில் எவரும் அதையே எடுத்துத் தொடையில் அழுத்திவிடக்கூடும். அது வீட்டு மேசை இழுப்பறையில் தனியாக இருக்கட்டும்.