பகலில் துடிக்கும் ஹெட்லைட் சட்டப்படி சரியா?

கேள்வி: அமெரிக்காவில் பைக் ஓட்டுகிறேன். பகலில் ஹெட்லைட்டை மங்கவும் பளிச்சிடவும் வைக்கும் மாடுலேட்டரைப் பொருத்தலாமா, மாநில அரசு தடுக்குமா? ஹாலஜன் விளக்கில் எல்இடி பல்பு போடலாமா?

பதில்: மாடுலேட்டரைத் தாராளமாகப் பொருத்தலாம். எதிரே இடதுபக்கம் திரும்பப்போகிற கார்க்காரர் கண்ணில் நீங்கள் பட வேண்டும், அதற்குத்தான் இது. மத்திய அரசின் விளக்குத் தரவிதி எண் 108 இதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. அந்தத் தரத்துக்குள் இருக்கிற கருவியை மாநிலம் தன் இஷ்டத்துக்குத் தடை செய்ய முடியாது. ஆனால் நிமிடத்துக்கு 240 துடிப்பு (40 கூடலாம், குறையலாம்), ஹை பீம் அல்லது லோ பீம் ஏதாவது ஒன்று மட்டும், இருட்டினால் தானாக நிறுத்தும் சென்சார், இதெல்லாம் கட்டாயம். சென்சார் இல்லாத மலிவுச் சரக்கை வாங்காதீர்கள்.

எல்இடி பல்பு வேண்டாம். ஹாலஜன் பல்புக்கு வடிவமைத்த விளக்கில் அதை மாற்றிப் போடுவதை மத்திய விதி ஏற்கவில்லை, எதிரே வருபவர் கண்ணும் கூசும். தரவிதிப்படி தயாரான முழு எல்இடி ஹெட்லைட்டையே மாற்றுங்கள். ஒன்று கவனியுங்கள், ஹெட்லைட்டின் முன்கண்ணாடியில் இருக்கும் டிஓடி (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) முத்திரை தயாரிப்பாளரே தரும் உறுதிமொழி, அரசு சோதித்துக் கொடுத்ததல்ல, அதனால் நம்பகமான தயாரிப்பாளராகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், சாலையில் விளக்கை எப்போது எரிக்க வேண்டும் என்பது மாநிலத்தின் கையில். உங்கள் மாநில வாகனச் சட்டத்தையும் பாருங்கள்.