நான் போகாவிட்டால் என்ன?

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சொந்த ஊர் பொகவந்தலாவ பக்கம். வேலை புறக்கோட்டையில் ஒரு கடையில். 2024 நவம்பர் பொதுத் தேர்தலுக்கும் 2025 மே பிரதேச சபைத் தேர்தலுக்கும் நான் ஊருக்குப் போகவில்லை. போய்வந்தால் இரண்டு நாள் சம்பளம் போகும், பஸ் காசு வேறு. அம்மா இன்னும் கோபமாக இருக்கிறார். நுவரெலியா மாவட்டத்தில் சுமார் 6 லட்சம் வாக்காளர்கள், அதில் என் ஒரு புள்ளடியால் யார் வெல்லப்போகிறார், யார் தோற்கப்போகிறார்? நான் சொல்வது பிழையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

தம்பிக்கு,

கணக்கில் பிழையில்லை. நீங்கள் வந்திருந்தாலும் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களும் அப்படியேதான் பிரிந்திருக்கும். ஒவ்வொரு வோட்டும் தங்கம் என்று மேடையில் பேசுகிறவருக்கும் அது தெரியும், அவர் தனி வோட்டை எண்ணுவதே இல்லை, தோட்டம் தோட்டமாகத்தான் எண்ணுகிறார்.

மலையகத் தோட்டத் தமிழர்களான எங்கள் கதையே அதுதானே. வாக்குரிமையை மொத்தமாகப் பறித்தார்கள், அப்புறம் வோட்டை மொத்தமாக வாங்கினார்கள். 1947இல் தோட்டத்து வாக்குகளால் எங்கள் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ்காரர்கள் பாராளுமன்றம் போனார்கள், வேறு சில தொகுதிகளில் அந்த வாக்குகள் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தன. அடுத்த வருடமே எங்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் வாக்குரிமையும் போனது, 1952 தேர்தலில் எங்கள் ஆள் ஒருவர்கூட உள்ளே போகவில்லை. 1947இல் நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கால் பாராளுமன்றம் போக 1977 ஆனது, அதுவும் மூன்று பேரைத் தெரிவுசெய்யும் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியில் மூன்றாமவராக. அம்மாவின் கோபத்தில் இதற்கும் பங்கிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

வாக்கு திரும்பி வந்தபோதும் தனித்தனி ஆளின் கைக்கு வந்து சேரவில்லை. தொழிற்சங்கம் எந்தப் பக்கமோ லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், முழுக்க அந்தப் பக்கம். சங்கத்தின் தோட்டத் தலைவர் யாருக்குப் போடுவது என்று வேட்பாளர் இலக்கத்தைச் சொல்லிவிட்டுப் போவார், தேர்தல் நெருங்கினால் கூரைத்தகரம் வரும். சங்கத்தைக் குறை சொல்லவில்லை, தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னால் தனியாகப் போய் நிற்க முடியாதவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் இத்தனை ஆயிரம் வோட்டு என் கையில் என்று கொழும்பில் பேரம் பேசிப் பதவி வாங்கினவர்கள் வாங்கினார்கள், எத்தனையோ குடும்பங்கள் இன்னும் லயத்தில்தான்.

2024இல் அந்த மூட்டை கொஞ்சம் அவிழ்ந்தது. நுவரெலியாவின் 8இல் 5 ஆசனம், பழைய பெரிய சங்கங்கள் சேராத தேசிய மக்கள் சக்திக்குப் போனது. அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பது வேறு பேச்சு. யாரும் முன்கூட்டியே விலை பேசிவைக்க முடியாத வோட்டுகள் அத்தனை இருந்தன, சங்கத்துப் பெரியவர்களுக்கே அது அதிர்ச்சி. உங்கள் வோட்டும் அந்த ரகம், கொழும்பில் கடையில் நிற்கிற பையனிடம் எந்தத் தலைவரும் இலக்கம் சொல்ல முடியாது. நீங்கள் வராமல் இருப்பது அவருக்குத்தான் வசதி, சொன்னபடி போடுகிறவர்கள் மட்டும் வந்தால் போதும் அவருக்கு.

பிரதேச சபையை விட்டதுதான் எனக்கு வருத்தம். அங்கே 6 லட்சம் எல்லாம் இல்லை, வட்டாரத்துக்குச் சில ஆயிரம்தான். தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை 2018இல்தான் திருத்தினார்கள், இனி ரோட்டையும் கானையும் உரிமையோடு அங்கே போய்க் கேட்கலாம். கேட்கிற ஆள் யார் என்பதில் உங்கள் புள்ளடிக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. பொதுத் தேர்தலிலும் கட்சிக்குப் போட்டதோடு திரும்பிவிடாதீர்கள், விருப்பு வாக்கு 3 இருக்கிறது, ஒரே கட்சிக்குள் யார் உள்ளே போவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

சரி, சம்பள விஷயம். வாக்களிக்கச் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்பது சட்டம், முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள். கொழும்பிலேயே தங்கிவிடுவதாக இருந்தால் பதிவை அங்கே மாற்றுவது பற்றிக் கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். அதை அம்மாவிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், என்னை இழுக்க வேண்டாம்.