நெல்லிக்கு ஊடே அவுரி: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மானூர் பக்கம் 3 ஏக்கர் செம்மண் மானாவாரி. 20 அடி இடைவெளியில் நட்ட நெல்லிக்கு நாலு வயது. ஊடுபயிராக அவுரி (சென்னா; மருந்துக்குப் போகும் இலை, நீலச்சாய அவுரி அல்ல) போட்டால் ஏக்கருக்கு ஒரு டன் காய்ந்த இலை வரும், கிலோ 50 ரூபாய்க்கு நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்கிறார் ஒரு ஏஜென்ட். விதை, திரவ உரம் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் கேட்கிறார். வீட்டு நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பயிரில் குறையில்லை, உலகச் சந்தையில் இந்த இலைக்கு ‘தின்னவேலி சென்னா’ என்றே பெயர். ஏஜென்ட் சொல்லும் கணக்குதான் உதைக்கிறது.

மரமே இல்லாத மானாவாரி நிலத்தில் ஏக்கருக்கு 400 கிலோ காய்ந்த இலை கிடைத்தாலே நல்ல மகசூல். நீங்கள் மரத்துக்கு இருபுறமும் 4 அடி விட்டாக வேண்டும். 20 அடியில் பயிருக்கு 12 அடி மிஞ்சும்; 3 ஏக்கர் 1.8 ஏக்கராகிவிடும். 720 கிலோ, 36,000 ரூபாய். அவுரிக் காய் கொஞ்சம் கூடுதல் வரவு, அவ்வளவுதான். 9 சதவீதத்தில் நகைக்கடன் வட்டியே ஆண்டுக்கு 10,800. நெல்லி குடை விரித்து நிழல் கட்டினால் இந்த வரவும் வருடா வருடம் இறங்கும்.

கைக்காசில் ஒரு ஏக்கரில் மட்டும் போட்டுப் பாருங்கள். விதைப்பரப்பு 60 சென்ட். நாலைந்து கிலோ விதை போதும். தோல் கடினம் என்பதால் பருமணலோடு சேர்த்துத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். இல்லாவிட்டால் முளைப்பு திட்டுத்திட்டாக வரும். அடியுரமாக இரண்டரை டன் மக்கிய தொழுவுரம், 35 கிலோ சூப்பர் பாஸ்பேட். பயறு இனம்தானே என்று தழைச்சத்தை விட்டுவிடாதீர்கள், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சு அவுரியில் கட்டாது. யூரியா 10 கிலோ 40-ஆம் நாள் வாக்கில், முதல் பறிப்புக்குப் பின் இன்னொரு 10 கிலோ, இரண்டுமே ஈரம் இருந்தால் மட்டும். காய்ந்த மண்ணில் தூவிய யூரியா காற்றோடு போகும். வாங்குபவர் இயற்கை விளைச்சல் கேட்கிறாரா என்று முதலிலேயே விசாரியுங்கள். கேட்டால் யூரியாவும் கூடாது. நெல்லிக்கு உரம் தனியாக, அதன் பாத்தியில்.

ஐப்பசி தொடக்கத்தில் விதைத்தால் முதல் பறிப்பு மார்கழியில் வரும். முந்தி விதைத்தால் கார்த்திகை மழையில் இலை பறிக்க நேரும். காயவைக்க வழியில்லாமல் கறுத்துவிடும். தண்ணீர் தேங்கினால் செடியே அழுகும், வடிகால் எடுத்துவிடுங்கள்.

காசு போவது களத்தில்தான். நிழலில் மெல்லிசாகப் பரப்பி, கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். மஞ்சள் கலந்த பச்சையில் இருக்கும் இலைக்குத்தான் விலை. வெயிலில் போட்டால் வெளுக்கும், குவித்து வைத்தால் சூடேறிப் பழுப்பாகும்.

அடுத்தது கூலி. பச்சையில் ஏறக்குறைய நாலு கிலோ காய்ந்தால் ஒரு கிலோ தேறும். கூலி 350 ரூபாய், இலை 50 ரூபாய் என்றால், ஓர் ஆள் 28 கிலோ பச்சை இலை பறித்தால்தான் அவர் கூலிக்கே சரியாகும். முதல் நாளே தராசு வைத்து இதை நிறுத்துப் பாருங்கள். வீட்டு ஆட்கள் பறித்தால் மட்டுமே கட்டுபடியாகும் என்று தெரிந்தால் அடுத்த வருடம் பரப்பைக் கூட்டாதீர்கள்.

கடன் அவசியமென்றால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். கெடு தவறாமல் கட்டுவோருக்குப் பயிர்க்கடனில் வட்டி இல்லை. அவர்கள் பட்டியலில் அவுரி இருக்கிறதா, ஏக்கருக்கு எவ்வளவு என்று விசாரித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) ஊடுபயிரைப் பதியச் சொல்லுங்கள்.

ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: விதைக்கும் உரத்துக்கும் இப்போது வாங்கும் பணத்தை இலை விலையில் கழித்துக்கொள்ளச் சம்மதமா? சம்மதம் என்றால் ஈரப்பத அளவு, கழிவு பிடிக்கும் விதம், வண்டி வாடகை யார் பொறுப்பு, பணம் எத்தனை நாளில் என்று எழுத்தில் வாங்குங்கள். தயங்கினால், அவருடைய வியாபாரம் இலையில் இல்லை, திரவ உரத்தில்.