பாலூ தம்பி போன்ற தடித்த, உருண்டையான எழுத்துருக்களைத் தலைப்புகளுக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்வது ஏன்?

சுவரொட்டி, பெயர்ப்பலகை, அட்டைப்படம் போன்றவற்றில் பெரிய அளவில் சில சொற்களை மட்டும் காட்டுவதற்காக வரையப்படும் எழுத்துருவே தலைப்பு எழுத்துரு. மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு உருவாக்கி, 2016-இல் வெளிவந்த பாலூ எழுத்துருக் குடும்பத்தின் தமிழ் உறுப்பினரான பாலூ தம்பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கோடுகள் தடித்தவை. கூர்முனைகள் இல்லாததால் விளையாட்டுத்தனமாகத் தோன்றுபவை.

கோடு தடிக்கும்போது எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடம் சுருங்குகிறது. ண, ஞ, ணை போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகளில் அந்த வெற்றிடம் முன்பே குறைவு என்பதால், அளவைச் சிறிதாக்கினால் சுழிகள் அடைபட்டு, ன எது, ண எது என்று கண் தடுமாறத் தொடங்கும். கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கி ஊரையே அழைக்கும்; அதை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உரையாட முடியாது. அதனால்தானோ என்னவோ, பின்னர் வந்த பாலூ 2 என்ற புதிய பதிப்பில் மெலிந்த எடைகளும், அதாவது கோடுகள் அவ்வளவு தடிக்காத வடிவங்களும், சேர்க்கப்பட்டன. என் கருத்தில், அவற்றையும் நீண்ட கட்டுரைக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

எந்த எழுத்துருவையும் "போல்ட்" பொத்தானை அழுத்தித் தலைப்பு எழுத்துருவாக்கிவிடலாம் என்பது பரவலான தவறான எண்ணம்: தடித்த வடிவம் தனியாக வரையப்படாத எழுத்துருவில் மென்பொருள் கோடுகளை ஒரே சீராகப் பருக்க வைக்கிறது, வடிவமைப்பாளரோ கோடுகள் சந்திக்கும் இடங்களை மெலிதாக்கி வெற்றிடத்தைக் காப்பாற்றுகிறார்.